16 பரப்பா, 24 பரப்பா? கணக்கை ஒரே கோப்பில் வைக்கும் முறை

2013 ஆம் ஆண்டு காலபோகம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, நலன்புரி நிலையமொன்றில் வாழ்ந்துவந்த விவசாயி ஒருவர் எமது அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய வயல் அப்போதுதான் விடுபட்டிருந்தது. நிலையத்தில் இருந்தபடியே போய்வந்து அந்தப் போகம் விதைக்க எண்ணியிருந்தார். கையில் இரண்டு தாள்கள் வைத்திருந்தார். இரண்டும் நாமே அச்சிட்டுக் கொடுத்தவை. ஒன்றில் அவருடைய காணி 1 ஏக்கர் என்றும் மற்றதில் 1.25 ஏக்கர் என்றும் இருந்தது.

"பாதர், நான் அங்க இல்லாத காலத்தில காணி வளர்ந்து போச்சோ?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் போகத்துக்கு உதவி நிறுவனமொன்று தந்த விதைநெல்லை, ஓர் ஏக்கருக்கு மேற்படாத காணி உள்ளவர்களுக்கே முதலில் கொடுப்பதென்று ஏற்பாடு. ஒரு தாளின்படி அவருக்கு நெல் உண்டு. மறு தாளின்படி இல்லை.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் பிடித்தது. அவருக்கு 12 பரப்பு வயல், 8 பரப்பு தோட்டம். யாழ்ப்பாணத்துக் காணிக் கணக்குத் தெரிந்த முதியவர் எவரைக் கேட்டாலும் சொல்வார்: பரப்பு என்று ஒரே சொல்லால் அழைத்தாலும் அளவு இரண்டு. நெற்காணிக்கு 24 பரப்பு ஓர் ஏக்கர். தோட்டக்காணிக்கும் குடியிருப்புக் காணிக்கும் 16 பரப்பு ஓர் ஏக்கர். உறுதிகளில் நெற்பரப்பு, வரகுப்பரப்பு என்று வேறுபடுத்தி எழுதுவது இதனால்தான். ஆகவே 12ஐ 24ஆல் பிரித்தால் அரை ஏக்கர், 8ஐ 16ஆல் பிரித்தால் அரை ஏக்கர், மொத்தம் ஓர் ஏக்கர். இரண்டையும் கூட்டி 20 பரப்பு என்று எடுத்து, முழுவதையும் 16ஆல் பிரித்தால்தான் 1.25 வரும். அலுவலகத்திலிருந்த மூன்று கணனிகளில் இரண்டு அப்படித்தான் பிரித்துக்கொண்டிருந்தன.

அலுவலகத்தில் எவருக்கும் இந்த வேறுபாடு தெரியாமலிருந்தது என்று சொல்லவும் முடியாது. சில மாதங்களுக்கு முன்பே ஓய்வுபெற்ற ஒரு விதானையார் எடுத்துச் சொல்லி, ஒரு கணனியில் திருத்தம் செய்திருந்தோம். மற்ற இரண்டிலும் திருத்த மறந்துவிட்டோம். ஏனெனில் கணக்கின் அந்த வரிகளை ஆரம்பத்தில் ஒருவர் எழுத, மற்ற இருவரும் பார்த்துப் பிரதிபண்ணித் தத்தம் கோப்புகளுக்குள் ஒட்டியிருந்தார்கள். ஒரே கணக்கு மூன்று இடங்களில் குடியிருந்தது.

அப்போது எமக்கு உதவிய வழியைத்தான் இங்கே விளக்க விரும்புகின்றோம். இடம்பெயர்ந்த குடும்பங்களிலிருந்து கணனி கற்கச் செல்லும் பிள்ளைகள் இன்று பலர். அவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். பெற்றோருக்கும் ஒரு பயன் உண்டு. உங்கள் காணியும் குடும்ப அங்கத்தவர் தொகையும் நிவாரணமும் எந்தப் பட்டியலில் எப்படிக் கணக்காகின்றன என்று தெரிந்திருந்தால், பிழை நேரும்போது எங்கே விரல் வைப்பது என்பதும் தெரியும். எண்ணப்படாமல் விடப்படுவது எமக்குப் புதிதல்ல. 1981 ஆம் ஆண்டுக்குப் பிறகு வடமாகாணத்தில் முழுமையான குடிசன மதிப்பு நடந்தது 2012 இல்தான். 2001 இல் நாட்டின் 18 மாவட்டங்களிலேயே அது முழுமையாக நடந்தது.

'ஆர்' என்பது யார்?

எமது ஊர்ப்பேச்சில் 'ஆர்' என்றால் 'யார்' என்று பொருள். புள்ளிவிபரக் கணக்குகளுக்கான ஒரு கணனி மொழிக்கும் அதுவே பெயர். வகுப்பில் முதல்நாள் இதனால் ஒரு சிரிப்பு எழும்பாமல் போவதில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் சேம்பர்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் 1976 இல் 'எஸ்' என்ற மொழியை உருவாக்கத் தொடங்கினர். நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாகா, றொபேட் ஜென்ரில்மன் என்ற இரு ஆசிரியர்கள் அதைப் பின்பற்றி 1990களின் தொடக்கத்தில் 'ஆர்' மொழியை அமைத்தனர். இருவருடைய முதற்பெயர்களும் அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. 1995 இல் அதனை எவரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டார்கள். முதலாவது முழுப் பதிப்பு 2000 ஆம் ஆண்டு பெப்ரவரி 29 ஆம் திகதி வந்தது.

இலவசம் என்பது எம்மைப்போன்றோருக்குச் சின்ன விடயமல்ல. பணம் கொடுத்து வாங்கவேண்டிய புள்ளிவிபர மென்பொருள்களுக்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கேட்பார்கள். உதவித்திட்டம் முடிந்ததும் கட்டணம் நின்றுவிடும், மென்பொருளும் நின்றுவிடும், அதற்குள் பூட்டிய கணக்கும் கிடந்துவிடும். 'ஆர்' அப்படி நின்றுபோவதில்லை. பழைய கணனியிலும் ஓடும். ஒரு தடவை இறக்கிப் பொருத்திவிட்டால் பிறகு இணைய இணைப்பு இல்லாமலே வேலை செய்யலாம்.

இந்த மொழியில் நாம் எழுதும் கட்டளைகளை ஒரு கோப்பில் சேமித்து வைக்கிறோம். அதைக் கட்டளைக் கோப்பு என்போம். குடும்பங்களின் பெயர், இலக்கம், காணி, அங்கத்தவர் தொகை ஆகியவை இருப்பது தரவுக் கோப்பு, அதாவது அட்டவணை. இவை இரண்டையும் மனதில் வேறுவேறாக வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே பேசப்போவது ஒரு கட்டளைக் கோப்புக்குள் இன்னொரு கட்டளைக் கோப்பை அழைப்பதைப் பற்றி. அட்டவணையைப் படிக்க வேறு கட்டளைகள் உண்டு. கற்கத் தொடங்கும் பிள்ளைகள் பெயர்ப்பட்டியலையே இந்த முறையில் அழைத்துவிட்டு, கணனி பிழை சொல்கிறதென்று முறையிடுவதை அடிக்கடி கண்டிருக்கிறோம். கணனி செய்வது சரிதான். பெயர்ப்பட்டியலில் கட்டளை ஏது?

ஒருதரம் இடித்த தூள்

நமது வீடுகளில் கறி வைக்கும்போதெல்லாம் மிளகாய் வறுத்து இடிப்பதில்லை. செத்தல்மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாவற்றையும் ஒருதரம் வறுத்து இடித்துத் தகரத்தில் போட்டுவிடுகிறோம். மீன்குழம்புக்கும் கத்தரிக்காய்க் கறிக்கும் அந்தத் தகரத்திலிருந்துதான் எடுக்கிறோம். தூளில் வெந்தயம் கூடிவிட்டால் எல்லாக் கறியும் கசக்கும். ஆனால் பிழை எங்கே என்று தேட வேண்டியதில்லை. தகரம் ஒன்றுதானே.

கணனியிலும் இதுவே. பரப்பை ஏக்கராக்கும் கணக்கை 'பரப்பு' என்ற பெயருள்ள தனிக் கோப்பில் ஒரு சார்பாக எழுதினோம். சார்பு என்பது க.பொ.த. கணிதத்தில் பிள்ளைகள் படிக்கும் அதே சொல்தான். உள்ளே சிலவற்றைக் கொடுத்தால் ஒரு விடையைத் தரும். இந்தச் சார்புக்கு வயற்பரப்பையும் தோட்டப்பரப்பையும் கொடுத்தால், முதலாவதை 24ஆலும் இரண்டாவதை 16ஆலும் பிரித்துக் கூட்டி ஏக்கரைத் தருகிறது. விதைநெற் பட்டியல், வேலி அமைப்புப் பட்டியல், கிணறு துப்புரவுப் பட்டியல் என எத்தனை கோப்புகள் இருந்தாலும் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு வரி மட்டும் இருக்கும்:

சோர்ஸ்("பரப்பு.ஆர்")

கணனியில் இதனை ஆங்கில எழுத்தில், 'சோர்ஸ்' என்பதை முழுவதும் சிறிய எழுத்துகளில் எழுதவேண்டும். 'ஆர்' மொழிக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றல்ல. 'சோர்ஸ்' என்றால் ஊற்று, மூலம். "இந்தப் பெயருள்ள கோப்பைத் திற, அதில் உள்ள கட்டளைகளை முதலிலிருந்து கடைசிவரை செய்" என்பதே இந்த வரியின் கருத்து. வரி முடிந்ததும் அந்தச் சார்பு நாம் நிற்கும் இடத்தில் ஆயத்தமாக இருக்கும்.

இது 'ஆர்' மொழிக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. 'சாஸ்' என்ற மென்பொருளில் 'இன்குளூட்' என்ற கட்டளையும், 'ஸ்ரேற்றா'வில் 'டூ' என்ற கட்டளையும், 'எஸ்.பி.எஸ்.எஸ்.' என்பதில் 'இன்சேர்ட்' என்ற கட்டளையும் இதற்காக உள்ளன. அலுவலகங்களில் வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் இவற்றில் ஒன்றைக் காணக்கூடும். பெயர் மாறினாலும் எண்ணம் ஒன்றே.

கோப்பை அழைக்கும்போது நடப்பவை

'ஆர்' முதலில் முழுக் கோப்பையும் வாசித்து, எழுத்திலக்கணம் சரியா என்று பார்க்கிறது. எங்காவது ஓர் அடைப்புக்குறி மூடப்படாமல் இருந்தால் ஒரு வரியைக்கூடச் செய்யாது, பிழையைச் சொல்லி நின்றுவிடும். இது நல்லதற்கே. ஆனால் இலக்கணம் சரியாக இருந்து, செய்யும்போது நடுவில் ஒரு தவறு வந்தால் கதை வேறு. தவறுக்கு முன்னிருந்த வரிகள் யாவும் செய்து முடிக்கப்பட்டிருக்கும், பின்னிருந்தவை நடந்திரா. பாதி நட்ட வயல்போல. அப்படிப்பட்ட நிலையில் மேற்கொண்டு போகாமல், எல்லாவற்றையும் மூடித் திறந்து புதிதாகத் தொடங்குவதே பாதுகாப்பு.

இன்னொன்று, அழைக்கப்பட்ட கோப்பு பேசாது. 'ஆர்' சாளரத்தில் நாம் நேரே ஒரு கூட்டலைத் தட்டினால் விடை உடனே தெரியும். அதே கூட்டல் அழைக்கப்பட்ட கோப்புக்குள் இருந்தால் கணக்கு நடக்கும், விடை திரையில் வராது. வரவேண்டுமாயின் கோப்புக்குள்ளேயே 'பிரிண்ட்' என்ற கட்டளையை எழுதவேண்டும். அல்லது அழைக்கும்போது 'எக்கோ' என்ற துணைக்கட்டளையைச் சேர்க்கவேண்டும். சேர்த்தால் ஒவ்வொரு வரியையும் காட்டிக்கொண்டே செய்யும். "பாதர், வேலை செய்யுதில்லை" என்று எம்மிடம் ஓடிவந்தவர்களில் அரைவாசிப் பேருக்கு வேலை நடந்துதான் இருந்தது.

அடுத்தது கோப்பு இருக்கும் இடம். பிள்ளைகள் மிகுதியாகத் தடுமாறுவது இங்கேதான். கோப்பின் பெயரை மட்டும் எழுதினால், 'ஆர்' தான் அப்போது வேலை செய்துகொண்டிருக்கும் அடைவுக்குள் மட்டுமே அதைத் தேடும். அழைக்கும் கோப்பு எந்த அடைவில் இருக்கிறதென்று பார்ப்பதில்லை. பக்கத்து அடைவிலேயே இருந்தாலும் "கோப்பைத் திறக்க முடியவில்லை" என்று சொல்லிவிடும். அடைவு எது என்று கேட்பதற்கும் அதை மாற்றுவதற்கும் கட்டளைகள் உண்டு. முழு விலாசத்தையும் எழுதலாம். ஆனால் ஒருவருடைய கணனியின் முழு விலாசம் மற்றவருடைய கணனியில் இராது. நிலையத்தில் இடம் மாறியவரின் பழைய கொட்டில் இலக்கத்துக்குக் கடிதம் போடுவதுபோல் ஆகிவிடும். ஆகவே ஒரு வேலைக்குரிய கோப்புகளையெல்லாம் ஒரே அடைவில் வைத்து, அந்த அடைவிலிருந்தே வேலையைத் தொடங்குவது வழக்கமாகட்டும். ஓர் அடைவுக்குள் இருக்கும் கோப்பு தன் அயலிலுள்ள இன்னொன்றை அழைப்பதாயின், 'சி-எச்-டி-ஐ-ஆர்' என்ற துணைக்கட்டளை உதவும். வேலை நடக்கும் அடைவை அந்தக் கோப்பின் அடைவுக்கு மாற்றி, முடிந்ததும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடும்.

வின்டோஸ் கணனியில் விலாசம் எழுதும்போது பின்னோக்கிச் சாயும் கோட்டை அப்படியே போட்டால் 'ஆர்' வேறு பொருள் கொள்ளும். முன்னோக்கிச் சாயும் கோட்டையே போடுங்கள், எங்கும் செல்லும். வின்டோஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்தாலும் திறந்துவிடும், லினக்ஸில் திறக்காது. எனவே பெயர்களை முழுவதும் சிறிய எழுத்தில் வைத்தால் தொல்லையில்லை.

பெயர் மோதல்

ஒரு நாள் எமது பட்டியலின் மொத்தம் திடீரென்று மிகவும் சிறிய எண்ணாக மாறியது. பட்டியற் கோப்பில் 'மொத்தம்' என்ற பெயரில் குடும்பத் தொகையை வைத்திருந்தோம். அழைக்கப்பட்ட கோப்பிலும் எவரோ பரிசோதனைக்காக அதே பெயரில் ஒரு சிறு கூட்டலை எழுதி விட்டிருந்தார். இரண்டும் ஒரே இடத்தில் வாழ்வதால், பின்வந்தது முன்னிருந்ததை அழித்துவிட்டது. 'சோர்ஸ்' தான் அழைத்ததைச் சாதாரணமாகப் பொதுமுற்றத்தில்தான் கொண்டுவந்து இறக்கும். ஒரு சார்புக்குள்ளிருந்து அழைத்தாலும் அப்படித்தான். 'லோக்கல்' என்ற துணைக்கட்டளைக்கு 'ட்ரூ' என்று கொடுத்தால் அழைத்த இடத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளும்.

இதைவிட எளிய காப்பு, அழைக்கப்படும் கோப்பில் சார்புகளை மட்டும் எழுதுவது. பரிசோதனைகளுக்கு வேறு கோப்பு வையுங்கள். முக்கியமாக, உள்ளதையெல்லாம் துடைத்துவிடும் 'ஆர்-எம்' கட்டளையை அழைக்கப்படும் கோப்பில் ஒருபோதும் எழுதாதீர்கள். சிலர் எந்தக் கோப்பையும் அந்த வரியோடு தொடங்கப் பழகியிருக்கிறார்கள். தனியே ஓடும்போது தீங்கில்லை. இன்னொருவருடைய வேலையின் நடுவில் அழைக்கப்படும்போது அவர் காலையிலிருந்து சேர்த்ததெல்லாம் போய்விடும்.

திருத்தியும் திருந்தாத கணனி

தனிக் கோப்பாக்கிய பிறகும் எமக்கு ஓர் அடி விழுந்தது. 'பரப்பு' கோப்பில் ஒரு சிறு திருத்தம் செய்தோம். இரண்டு கணனிகள் புதிய விடையைத் தந்தன, மூன்றாவது பழையதையே தந்துகொண்டிருந்தது. கோப்பைத் திறந்து பார்த்தால் திருத்தம் இருக்கிறது. விடையில் மட்டும் இல்லை.

காரணம் இதுதான். கோப்பைத் திருத்துவதால் நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் சார்பு மாறிவிடாது. திரும்பவும் அழைத்தால்தான் மாறும். அந்தக் கணனியில் வேலை செய்தவர் 'ஆர்' மூடும்போது "பணியிடத்தைச் சேமிக்கவா?" என்று அது கேட்கும் கேள்விக்கு நாள்தோறும் "ஆம்" என்று சொல்லி வந்திருக்கிறார். மறுநாள் திறக்கும்போது பழைய சார்பும் சேர்ந்து எழும்பிவிடும். அது அங்கே இருப்பதால், அழைக்கும் வரியைத் தட்ட மறந்தாலும் வேலை நடக்கும், பழைய கணக்கோடு. அன்றிலிருந்து அந்தக் கேள்விக்கு "இல்லை" என்றே சொல்வது எமது அலுவலக வழக்கம். கோப்பில் எழுதாதது எதுவும் மறுநாள் இருக்கத் தேவையில்லை.

பென்டிரைவில் கோப்பைக் கொண்டு போய்க் கொடுப்பதிலும் இதே ஆபத்து. மூன்று கணனிகளில் மூன்று பிரதிகள் என்றால் முன்னிருந்த நிலைக்கே திரும்பிவிட்டோம் என்று பொருள். இயலுமான இடத்தில் பொது அடைவு ஒன்றை வைத்து எல்லோரும் அதையே அழைப்பது நல்லது. வலையமைப்பு இல்லாத வெளி நிலையங்களுக்காக நாம் கோப்பின் கடைசியில் ஒரு 'பிரிண்ட்' வரியைச் சேர்த்தோம். அழைத்தவுடன் "பரப்புக் கணக்கு, திருத்திய திகதி இன்னது" என்று திரையில் வரும். அந்தத் திகதியைப் பட்டியலின் அடியிலும் அச்சிடச் செய்தோம். அன்று வந்த அந்த விவசாயியின் இரு தாள்களிலும் அப்படி ஒரு திகதி இருந்திருந்தால் இரண்டு நாள் தேடியிருக்க வேண்டியதில்லை.

தமிழ்ப் பெயர்கள் பட்ட பாடு தனிக்கதை. அக்காலத்து வின்டோஸ் 'ஆர்' பதிப்புகளில், தமிழில் தலைப்பு எழுதிய கோப்பை அழைத்தால் எழுத்துக்குப் பதிலாகக் குறியீடுகள் நிரையாக வந்து நிற்கும். 'க' என்ற எழுத்து 0பி95 என்று வரும். அழைக்கும்போது 'என்கோடிங்' என்ற துணைக்கட்டளையில் யூ.ரி.எஃப்-8 என்று குறிப்பிட்டால் ஓரளவு சமாளிக்கலாம். 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பிலிருந்து, வின்டோஸ் 10 இன் பிந்திய வெளியீடுகளிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் யூ.ரி.எஃப்-8 தானாகவே பாவனைக்கு வந்துவிட்டது. ஆகவே இப்போது கற்கும் பிள்ளைகள் கோப்பின் தலைப்பு விளக்கங்களைத் தமிழிலேயே எழுதலாம். பரப்புக்கும் குழிக்கும் விளக்கம் வேறு எந்த மொழியில் எழுதுவது?

யாருடைய கோப்பு?

'சோர்ஸ்' கட்டளைக்கு இணைய விலாசத்தையும் கொடுக்கலாம். எங்கோ ஒருவர் எழுதி வைத்த கோப்பை அங்கிருந்தே எடுத்துச் செய்யும். வசதியான காரியம்தான், ஆனால் அதற்குள் என்ன எழுதியிருக்கிறதோ அது உங்கள் கணனியில் நடக்கும். கோப்புகளை அழிக்கும் கட்டளையும் ஒரு கட்டளைதானே. இன்று நல்லதாக இருந்தது நாளை மாற்றப்பட்டும் இருக்கலாம். இறக்கி, திறந்து, வரிவரியாக வாசித்துவிட்டு, தனது அடைவில் வைத்து அழைப்பதே நாம் சொல்லிக்கொடுக்கும் முறை. பலரும் பரிசோதித்துப் பொதியாகக் கட்டி வைத்தவை வேண்டுமாயின், 1997 இலிருந்து இயங்கும் 'கிரான்' என்ற களஞ்சியத்தில் 20,000 க்கும் மேற்பட்டவை கிடக்கின்றன. அவற்றை அழைக்கும் முறை வேறு.

கட்டளையைத் தரவிலிருந்து பிரித்ததால், நாம் எதிர்பாராத ஒரு பாதுகாப்பும் கிடைத்தது. எமது பரப்புக் கணக்கைக் கேள்விப்பட்டு இன்னொரு நிறுவனத்தார் அதைக் கேட்டார்கள். பழைய முறையில் இருந்திருந்தால், கணக்கு வரிகள் குடும்பப் பெயர்களோடும் அடையாள அட்டை இலக்கங்களோடும் ஒரே கோப்பில் பின்னிக் கிடந்திருக்கும். அதைக் கொடுத்தால் உங்கள் விபரமும் சேர்ந்து போயிருக்கும். இப்போது 'பரப்பு' கோப்பை மட்டும் கொடுத்தோம். அதற்குள் 24, 16 என்ற இரண்டு எண்களும் சில வரிகளும் இருந்தன, ஒருவருடைய பெயரும் இல்லை. இடம்பெயர்ந்தவருடைய பெயர்ப்பட்டியல் தவறான கைக்குப் போனால் என்னவாகும் என்பதை இந்த வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. உங்களிடம் விபரம் பதிய வருவோரிடம், பட்டியலை யார் யார் பார்ப்பார்கள், கணக்கு எந்தக் கோப்பில் இருக்கிறது, அதை எவர் கடைசியாகத் திருத்தினார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எம்மிடமும் கேளுங்கள்.

அந்த விவசாயிக்கு மூன்றாவது தாளொன்றைக் கொடுத்தோம், 1 ஏக்கர் என்று. பட்டியல் முழுவதையும் புதிதாக ஓட்டியபோது, வயல் கூடுதலாகவும் தோட்டம் குறைவாகவும் வைத்திருந்த வேறு குடும்பங்களும் கோட்டுக்குக் கீழே வந்தன. அவர்களுடைய காணி அதுவரை பெரிதாகக் காட்டப்பட்டிருந்தது. நெல்லின் முதற்பங்கு அதற்கு முன்பே ஏற்றிப் போயிருந்தது. அடுத்த பங்கிலேயே அவர்களுக்குக் கொடுக்க முடிந்தது. மழை அதற்காகக் காத்திருக்கவில்லை.

இன்னும் ஒரு கூட்டத்தார் இருந்தார்கள். உறுதியை இடப்பெயர்வில் தொலைத்தவர்கள். "அப்புவின்ர காணி பத்துப் பரப்பு" என்று தெரியும், அது நெற்பரப்பா வரகுப்பரப்பா என்று தெரியாது. முன்பு படிவம் நிரப்பியவர்கள் அதற்குத் தம் எண்ணப்படி ஒரு வகையைப் போட்டிருந்தார்கள். வகை போடாமல் விட்ட சிலருக்குக் கணனி 0 என்று வைத்திருந்தது. 'ஆர்' மொழியில் தெரியாததற்கென்று 'என்.ஏ.' என்ற ஒரு குறி உண்டு. அது 0 அல்ல. அதனோடு எதைக் கூட்டினாலும் விடையும் தெரியாது என்றே வரும், நாம் வேண்டுமென்று விலக்கச் சொன்னாலொழிய. 'பரப்பு' கோப்பில் கடைசியாகச் சேர்த்த வரி அதுதான்: வகை தெரியாவிட்டால் பிரிக்காதே, 'என்.ஏ.' என்று கொடு. இப்போது அந்தக் குடும்பங்களின் பெயருக்கு நேரே ஏக்கர் நிரலில் வெற்றிடம் விழுகிறது. வெற்றிடம் விழுந்த பெயர்களைத் தனியே அச்சிட்டு எடுத்துக்கொண்டு, அயற்காணிக்காரரையும் பழைய விதானைமாரையும் தேடிப் போய்க் கேட்கிறோம்.